தனித்தனிக் கதவு, ஒரே குழாய்: மீன் கடையின் இணையதளத்தைப் பிரித்த கதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வஞ்சிரம் வாங்கும் ஒருவருடைய பணம் வந்துசேர இருபது நொடி தாமதமானால், சங்கரா என்ன விலை என்று எட்டிப்பார்க்க வந்தவருக்கும் கடையின் முகப்புப் பக்கம் திறக்காது. எங்கள் இணையதளத்தைப் பிடித்திருந்த நோய் இதுதான். நான்கு ஞாயிறுகள் போன பிறகே அது எனக்குப் பிடிபட்டது.

கடை, சென்னையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில், கல்மண்டபம் பக்கம் இருக்கிறது. கீழே மீனைச் சுத்தம் செய்து வெட்டும் இடம். மாடியில் நிரல் எழுதும் நாங்கள் மூன்று பேர். மழை நாளில் மீன் வாடை மாடிக்கும் ஏறிவிடும். வீட்டுக்குப் போனால் மனைவி சட்டையை வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். 2019இல் நான் ஒருவனாக உட்கார்ந்து, இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளில் எழுதிய கடை அது. விலைப்பட்டியல், இருப்பு, ஆர்டர், பணம், குறுஞ்செய்தி, டெலிவரி, மாதக் கணக்கு எல்லாமே ஒரே நிரல் தொகுப்பு, ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே சர்வர். இப்படிப்பட்ட அமைப்பை மோனோலித் என்பார்கள். நாங்கள் 'பெரிய வீடு' என்று பெயர் வைத்தோம். அதிலிருந்து பிரிந்து போகும் பாகங்களுக்கு என்ன பெயர் என்ற பேச்சு வந்தபோது எங்களில் இளையவர் வாயெடுத்தார். அவரைப் பேசவிடாமல் 'போர்ஷன்' என்று முடிவு செய்தோம். இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

நோய்க்கு வருகிறேன். ஆர்டர் வந்ததும் அந்த மீனின் இருப்பைக் காட்டும் வரியைத் தரவுத்தளத்தில் பூட்டிவிட்டு, பூட்டைப் பிடித்துக்கொண்டே பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது என் நிரல். அங்கிருந்து பதில் வரும்வரை பூட்டு அவிழாது. அடுத்து வஞ்சிரம் கேட்கும் நான்கு பேர் அந்தப் பூட்டின் முன் வரிசையில் நிற்பார்கள். சர்வரில் ஒரே நேரத்தில் வேலை செய்ய ஐந்து கைகள்தான் வைத்திருந்தேன். ஐந்தும் வஞ்சிரத்தின் முன் கட்டிப்போடப்பட்டால், சும்மா படம் பார்க்க வந்தவருக்குக் கதவு திறக்க ஆள் கிடையாது.

இதற்கு மைக்ரோசர்வீஸ், அதாவது பெரிய வீட்டைத் தனித்தனியே ஓடும் சிறு நிரல்களாகப் பிரிப்பது, தேவைப்படவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மீனைப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிவைத்து, பூட்டை அவிழ்த்துவிட்டு, அதன்பின் பணத்தைக் கேட்கும்படி மாற்றினேன். இரண்டு நாள் வேலை. அடுத்த ஞாயிறு கடை படுக்கவில்லை.

அப்படியிருந்தும் ஏன் பிரித்தோம்? இந்தக் கடையில் மாறும் விஷயங்கள் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன. விலை நாள்தோறும் விடியற்காலையில் மாறுகிறது. ஏல இடத்திலிருந்தே முதலாளி அண்ணன் கைப்பேசியில் ஏற்றுகிறார். டெலிவரி விதி மழையைப் பொறுத்து மாறும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் வியாசர்பாடிப் பக்கம் வண்டிகள் சுற்றித்தான் போக வேண்டும், நேரக் கணக்கு எல்லாம் தலைகீழாகும். பணம் வாங்கும் பகுதியோ ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறக்கூடாது. ஆனால் குறுஞ்செய்தியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பெரிய வீடு முழுவதையும் நிறுத்தி எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கு அஞ்சியே வெள்ளி மதியத்துக்குப் பின் ஞாயிறு மாலை வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று விதி வைத்திருந்தோம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் விதி அது.

வேலைக்கு நாள் குறிப்பது எங்களுக்கு எளிது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். வரத்தும் குறைவு, ஆர்டரும் குறைவு. படகுக்காரர்கள் இன்ஜினைப் பிரித்துப்போட்டு வலை பின்னும் அதே நாட்களில் நாங்களும் எங்கள் இன்ஜினைப் பிரிப்பது என்று 2023 ஏப்ரலில் இறங்கினோம்.

மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் எண்ணம் ஆரம்பத்திலிருந்தே இல்லை. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுற்றிப் புதியதை வளர்த்து, ஒவ்வொரு வேலையாகக் கைமாற்றும் முறைக்கு மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் 'ஸ்ட்ராங்லர்', அதாவது நெரிப்பான், என்று பெயர் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து காடுகளில் வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தையே நெரித்துவிடும் அத்திமரத்தைப் பார்த்து வைத்த பெயர். நாம் அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பனை உச்சியில் பறவை எச்சத்திலிருந்து முளைத்த ஆல், கடைசியில் பனையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்பதைத் தமிழ்நாட்டில் பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறோம்.

முதல் வாரம் வெள்ளைப் பலகையில் எட்டுக் கட்டம் போட்டோம்: விலை, இருப்பு, தேடல், ஆர்டர், பணம், டெலிவரி, வாடிக்கையாளர், அறிவிப்பு. பார்க்க அழகாக இருந்தது. ஒரு நிறுவனத்தில் இருப்பவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அப்படித்தான் அது கட்டும் மென்பொருளும் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதியதை எங்கள் சகா ஒருத்தி நினைவுபடுத்தினாள். மூன்று பேர், எட்டுக் கட்டம். ஆளுக்கு இரண்டரைக்கும் மேல் போர்ஷன் என்று கணக்குப் போட்டுச் சிரித்தோம். சிரித்ததோடு நிறுத்தியிருக்கக்கூடாது, அன்றே பாதியை அழித்திருக்க வேண்டும்.

முதலில் செய்த காரியம் யார் கண்ணுக்கும் தெரியாதது. பெரிய வீட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை வாசற்காவலாக நிறுத்தி, வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தோம். அந்த வேண்டுகோள் எந்தப் போர்ஷனுக்குப் போனாலும் அதே எண்ணைக் கூடவே தூக்கிப் போக வேண்டும், பதிவேட்டில் அதே எண்ணை எழுத வேண்டும். பின்னால் வந்த எல்லாச் சிக்கலிலும் எங்களைக் காப்பாற்றியது இந்த எண்தான். இதைச் செய்யாமல் பிரிக்கத் தொடங்குபவர்களுக்கு என் அனுதாபம்.

பிறகு அறிவிப்பை வெளியே எடுத்தோம். ஆர்டர் உறுதியானால் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி, கீழே வெட்டும் இடத்துப் பிரிண்டரில் ஒரு சீட்டு. தப்பானாலும் பெரிய நட்டமில்லாத பாகம் என்று நினைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். இடையில் ராபிட்எம்க்யூ என்ற செய்தி வரிசை. பெரிய வீடு ஆர்டரைத் தரவுத்தளத்தில் எழுதும். பிறகு வரிசையில் ஒரு செய்தி போடும். அறிவிப்புப் போர்ஷன் அதை எடுத்து வேலையை முடிக்கும்.

அந்த 'பிறகு' என்ற சொல்லில்தான் விழுந்தோம். ஒரு மாலை புதிய பதிப்பை ஏற்றச் சர்வரை நிறுத்தியபோது, ஆர்டரை எழுதி முடித்து, செய்தி போடாத அந்த இடைவெளியில் ஒரு வேண்டுகோள் சிக்கிக்கொண்டது. பெரம்பூரில் ஒருவர் மூன்று கிலோ நண்டுக்குப் பணம் கட்டிவிட்டு, விருந்தாளிகளை உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கள் கணக்கில் ஆர்டர் இருக்கிறது, கீழே சீட்டு வரவில்லை. போனில் அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது, எல்லாம் நியாயமானவை.

இதற்கு அவுட்பாக்ஸ் என்ற பழகிய தீர்வு ஒன்று உண்டு. செய்தியை நேராக வரிசைக்கு அனுப்பாமல், ஆர்டரை எழுதும் அதே பரிவர்த்தனைக்குள் தரவுத்தளத்திலேயே 'அனுப்பவேண்டியவை' என்ற அட்டவணையில் எழுதிவைக்க வேண்டும். ஆர்டர் பதிந்தால் செய்தியும் பதியும். ஒன்று விழுந்தால் இரண்டும் விழும். தனியே ஒரு சிறு நிரல் நொடிக்கொருமுறை அந்த அட்டவணையைப் பார்த்து, இருப்பதை வரிசையில் போட்டுவிட்டு 'அனுப்பியாயிற்று' என்று குறித்துவைக்கும். போஸ்ட்கிரெஸ் 9.5இலிருந்து, வேறொருவர் பூட்டிய வரிகளைத் தாண்டிச் சென்று மீதியை எடுக்கும் வசதி உண்டு. ஆகவே அந்தச் சிறு நிரலை இரண்டு இடத்தில் ஓடவிட்டாலும் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதில்லை.

ஆனால் வரிசையில் போட்டுவிட்டு, குறிப்பதற்கு முன் அந்த நிரல் செத்தால்? எழுந்ததும் அதே செய்தியை மறுபடி போடும். ஆக, செய்தி தொலையாது என்ற உறுதிக்கு, சில சமயம் இருமுறை வரும் என்பது விலை. ஒரே நண்டுக்கு இரண்டு சீட்டு வந்தால் என்ன செய்வது என்று மாடியில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். டீ குடிக்க இறங்கியபோது, வெட்டும் இடத்து அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, ஒரே சீட்டு இரண்டு தடவை வந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் கத்தியை நிறுத்தாமல் சுவரில் தொங்கும் கம்பியைக் கண்ணால் காட்டினார். முடித்த சீட்டுகளை எல்லாம் அதில்தான் குத்தி வைக்கிறார். புதுச் சீட்டு வந்தால் எண்ணைப் பார்ப்பார். கம்பியில் அந்த எண் இருந்தால் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். "இது உங்களுக்குத் தெரியாதா தம்பி, கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் எப்போதும் இரண்டாகத்தான் கக்கும்" என்றார். அன்று மாலை அறிவிப்புப் போர்ஷனின் தரவுத்தளத்தில் 'கம்பி' என்று ஓர் அட்டவணை சேர்த்தோம். செய்தி எண் ஒருமுறைக்கு மேல் பதியக்கூடாது என்ற கட்டுப்பாடு ஒன்றுதான் அதில் உள்ள வேலை. இன்றும் அதன் பெயர் அதுதான்.

அடுத்து இருப்பு. இங்கேதான் தடைக்காலத்தில் பாதி கரைந்தது.

பெரிய வீட்டின் இருப்பு அட்டவணையில் 'எடை' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருந்தது. அதை வெளியே எடுக்கும்போது ஆளுக்கொரு அர்த்தம் சொன்னோம். கீழே போய்க் கேட்டால், துறைமுகத்தில் அண்ணன் வாங்கும் எடை ஒன்று, வாடிக்கையாளர் கேட்கும் எடை இன்னொன்று, தலையும் குடலும் செதிலும் போன பின் பையில் ஏறும் எடை மூன்றாவது. பெரிய வீட்டில் நான்கு ஆண்டுகளாக இந்த மூன்றும் ஒரே பத்தியில் மாறிமாறி உட்கார்ந்திருந்தன. எது எப்போது என்பதை ஒவ்வொரு நிரல் துண்டும் தானாகவே அனுமானித்துக்கொண்டு, பெரும்பாலும் சரியாகவே நடந்துகொண்டது. கூட்டுக் குடும்பத்தில் யாரும் சொல்லாமலேயே யாருக்கு எந்தத் தட்டு என்று தெரிந்திருப்பதுபோல. தனிக்குடித்தனம் போகும்போது அதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று பத்தி ஆக்கினோம்: வரவு எடை, கேட்ட எடை, பை எடை.

இருப்புப் போர்ஷனைத் தனி நிரலாக எழுதி, தனியாக ஓடவிட்டோம். தரவுத்தளம் மட்டும் பழையதே. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். மே மாத இறுதியில் மாதக் கணக்கு அறிக்கை விழுந்தது: பெரிய வீட்டில் ஒரு மூலையில் இருந்த அந்த அறிக்கை நேராக இருப்பு அட்டவணைக்குள் கைவிட்டுப் பழைய 'எடை' பத்தியைத் தேடியிருக்கிறது. அப்போதுதான் நாங்கள் கட்டியிருப்பது ஒண்டுக்குடித்தனம் என்று உறைத்தது. கதவு தனித்தனி, முற்றத்துக் குழாய் ஒன்று. ஒருவர் குழாயைக் கழற்றினால் எல்லார் வீட்டிலும் குடம் காலி. மோனோலித்தின் தொல்லை அப்படியே இருக்க, வலைப்பின்னலின் தொல்லையையும் கூடச் சேர்த்துக்கொண்டோம்.

யார் யார் அந்தக் குழாயில் பிடிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நிரலை வரிவரியாகப் படிக்க முயன்று கைவிட்டோம். சோதனைச் சர்வரில், இருப்பு அட்டவணைகளைத் தொடும் உரிமையைப் பெரிய வீட்டின் தரவுத்தளப் பயனரிடமிருந்து பறித்துவிட்டு, கடையை ஒரு நாள் முழுக்க நடத்திப் பார்த்தோம். எந்த வயர் எந்த விளக்குக்குப் போகிறது என்று தெரியாத பழைய வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதுபோல. 'அனுமதி இல்லை' என்ற பிழைகள் பதினோரு இடத்திலிருந்து வந்தன. ஆறு எதிர்பார்த்தவை. மற்ற ஐந்தில் ஒன்று, 2020இல் ஒரு தீபாவளிச் சலுகைக்காக நான் எழுதி மறந்த துண்டு. மூன்று ஆண்டுகளாக இரவு இரண்டு மணிக்கு எழுந்து, இல்லாத சலுகைக்குக் கணக்குப் பார்த்துவிட்டுத் தூங்கியிருக்கிறது.

மாற்றும் நாளுக்கு முன் இரண்டு வாரம் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டோம். கேள்வி இரண்டு பக்கமும் போகும். பழையதன் பதில் வாடிக்கையாளருக்கு, புதியதன் பதில் ஒப்பிட. முதல் நாளே ஏராளமான வித்தியாசங்கள், எல்லாம் கடைசி இலக்கத்தில். பழையது கிலோவைத் தசம எண்ணாகக் கணினியின் இரும வடிவில் வைத்திருந்தது. அந்த வடிவில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 வரும். பத்து பேர் கால் கிலோ, அரைக் கிலோ, நூறு கிராம் என்று வாங்கி முடித்ததும், இருப்பு பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும். கடை "இன்னும் இருக்கிறது" என்று சொல்லும். "எப்போதும் கடைசியில் ஓர் ஆர்டர் கூட வருகிறது" என்று அண்ணன் சொன்னபோதெல்லாம் தராசைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். புதியதில் எடை எல்லாம் கிராமில், பணம் எல்லாம் பைசாவில், முழு எண்கள் மட்டும்.

விலைப் போர்ஷனை இளையவர் கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதினார். ஜாங்கோவிலேயே எழுதியிருக்கலாம், ஆசைப்பட்டார், நானும் தடுக்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் நேரலையில் விட்டோம். பத்து நாள் ஒரு குறையும் இல்லை.

தடை ஜூன் 14இல் முடிந்தது. ஜூன் 18, தடைக்குப் பின் முதல் ஞாயிறு. காசிமேட்டில் அன்று நிற்க இடமிருக்காது. அண்ணன் நான்கு மணிக்கே ஏலத்தில் நின்று, முப்பத்துநான்கு வகைக்கும் விலை ஏற்றிவிட்டார். ஐந்து மணிக்குத் தண்டையார்பேட்டை வீட்டில் எழுந்து பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. ஐந்து முப்பத்தொன்றுக்குப் போன். "தம்பி, விலை எல்லாம் போய்விட்டது." திறந்து பார்த்தால் வஞ்சிரத்திலிருந்து நெத்திலி வரை எல்லாவற்றுக்கும் கீழே 'விலை விரைவில்' என்று இருக்கிறது. விலை இல்லாத மீனை விற்கக்கூடாது என்பது அண்ணனே வைத்த விதி. ஆகவே கடை திறந்திருந்தும் ஒரு மீன்கூட வாங்க முடியாது.

போர்ஷன் உயிரோடு இருக்கிறது. தரவுத்தளம் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு பிழைகூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அதற்குள் அண்ணன் பொறுமையிழந்து வஞ்சிரத்துக்கு மறுபடி விலை ஏற்ற, அது உடனே தெரிந்தது. "அப்படியானால் எல்லாவற்றையும் மறுபடி போடுகிறேன்" என்று, கூட்டத்தின் நடுவில் மீன்கூடைக்காரர்கள் திட்டத் திட்ட நின்று, முப்பத்துநான்கையும் கட்டைவிரலால் ஏற்றினார். ஆறே கால் ஆனது. நான் அட்டவணையைத் திறந்து, நான்கு மணிக்கு ஏற்றிய வரியையும் ஐந்தே முக்காலுக்கு ஏற்றிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் நாள் 18. முதலாவதில் 17.

புதிய போர்ஷன் ஓடும் பெட்டியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இங்கே ஞாயிறு காலை 4.05 என்றால் அங்கே சனி இரவு 10.35. ஆக அண்ணன் ஏற்றியதெல்லாம் சனிக்கிழமை விலையாகப் பதிந்தது. ஐந்தரை வரை அதன் கணக்கில் 'இன்று' என்பதும் சனிதான், எனவே சரியாகக் காட்டியது. இங்கே ஐந்தரை அடித்ததும் அங்கே நள்ளிரவு. ஞாயிறு பிறந்தது. ஞாயிறுக்கு விலை இல்லை.

பத்து நாள் ஏன் தெரியவில்லை என்றால், தடைக்காலத்தில் விடியற்காலை ஏலத்துக்குப் போகும் அவசரம் இல்லை. நாட்டுப்படகு மீனைப் பார்த்து ஏழு மணிக்கு மேல்தான் அண்ணன் விலை போட்டார். ஏழு மணிக்கு இரண்டு கடிகாரமும் ஒரே தேதியைத்தான் காட்டும். நாங்கள் சோதித்ததோ காலை பத்து மணிக்கு மேல். தடை முடிந்து நான்கு நாளில் படகுகள் திரும்பும்வரை அந்தப் பிழை தூங்கியிருக்கிறது. பெரிய வீட்டில் இந்தச் சிக்கல் எப்போதும் வந்ததில்லை, ஏனென்றால் 2019இல் நான் அமைப்புக் கோப்பில் 'ஆசியா/கொல்கத்தா' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதியது எனக்கே நினைவில்லை.

கடிகாரத்தை மாற்றி அன்றே முடித்திருக்கலாம். அண்ணனிடம் "உங்களுக்கு நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?" என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "இரவு இரண்டு மணிக்குமேல் அடுத்த நாள் கணக்கு" என்றார். இப்போது விலையோடு 'கடை நாள்' என்று ஒரு பத்தி தனியே பதிகிறது. இந்திய நேரத்தில் இரண்டு மணிக்கு மாறும். எந்தப் போர்ஷனும் தன் கடிகாரத்தைப் பார்த்து நாளை ஊகிக்காது, கேட்பவர் நாளைச் சொல்லியே கேட்க வேண்டும். நிகழ்ந்த நேரம் மட்டும் உலகப் பொது நேரத்திலேயே பதிகிறது.

அதே வகைக் குற்றம் இன்னொன்று. விலைப் போர்ஷனோடு தேடலையும் சேர்த்திருந்தோம். ஜூலையில் ஒருநாள் அக்கா மாடிப்படியில் நின்று, "இரண்டு நாளாகக் கொடுவா ஒன்றுகூட வரவில்லையே, மீன் கீழே கிடக்கிறது" என்றார். தேடினேன்: 'கொடுவா' இல்லை என்கிறது. பட்டியலில் கண்ணெதிரே 'கொடுவா' இருக்கிறது. கோலாவும் அப்படியே. நெத்திலி கிடைக்கிறது, இறால் கிடைக்கிறது.

'கொ' என்ற எழுத்தை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. கொம்பைத் தனியாக, காலைத் தனியாக இரண்டு எண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. கைப்பேசியில் வாடிக்கையாளர்கள் தட்டியது முதல் வகை. எங்கள் மீன் பட்டியலோ அண்ணனின் பழைய கணினியிலிருந்து, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வந்தது. அது இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஒற்றை வரி பெரிய வீட்டின் தேடலில் இருந்தது. புதியதை எழுதும்போது அந்த வரி எதற்கென்று புரியாமல் விட்டுவிட்டோம். அதன் மேல் ஒரு குறிப்புகூட எழுதாமல் வைத்தவன் நான்.

பணத்துக்கு வந்தால், அங்கே நான் பின்வாங்கினேன். பெரிய வீட்டில் ஆர்டரும் பணமும் ஒரே பரிவர்த்தனை. நடுவில் எது தவறினாலும் தரவுத்தளமே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். பிரித்துவிட்டால் ஒவ்வொரு படிக்கும் எதிர்ப்படியை நாமே எழுத வேண்டும்: இருப்பை ஒதுக்கினால் விடுவிக்க ஒன்று, பணம் வாங்கினால் திருப்ப ஒன்று. 1987இல் கணினி அறிஞர்கள் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் இதை சாகா என்று பெயரிட்டு விளக்கினார்கள். தாளில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டிய மீனுக்கு எதிர்ப்படி ஏது? அதனால் படிகளின் வரிசையை மட்டும் இறுக்கினோம்: ஒதுக்கு, பணம் உறுதியாகட்டும், பிறகே கீழே சீட்டு. யூபிஐயில் பணம் சில சமயம் 'நிலுவையில்' என்று தொங்கும். உறுதிச் செய்தி தாமதமாக வரும், இருமுறையும் வரும். பத்து நிமிட ஒதுக்கீடு முடிந்தபின் பணம் வந்து, மீனும் அதற்குள் போய்விட்டால், தானாகத் திருப்பி அனுப்பிவிட்டு வாடிக்கையாளருக்குச் செய்தி போகும். பணம் வாங்கித் தரும் நிறுவனம் சொல்லட்டும் என்று காத்திராமல் நாமே இரண்டு நிமிடத்துக்கொருமுறை நிலையைக் கேட்கும் நிரலும் இருக்கிறது. இவ்வளவும் பெரிய வீட்டுக்குள்ளேயே. ஆர்டரும் பணமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதில் எனக்கு இப்போது ஒரு வெட்கமும் இல்லை.

வாடிக்கையாளர் போர்ஷனைக் கட்டி முடித்து, மூன்றே வாரத்தில் இடித்துத் திரும்பவும் பெரிய வீட்டில் சேர்த்தோம். எந்தப் பக்கம் திறந்தாலும் பெயரும் முகவரியும் வேண்டும். ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவதில் என்ன இலாபம்? பெரிய நிறுவனங்களும் இப்படித் திரும்பி வருகின்றன. அமேசானின் பிரைம் வீடியோவில் ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் பகுதியைத் துண்டுகளாக வைத்திருந்ததை ஒன்றாகச் சேர்த்ததில், அதற்கான செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023இல் அவர்களே எழுதினார்கள். அதை அண்ணனுக்குக் காட்டினேன். "அப்படியானால் முதலிலேயே பிரிக்காமல் இருந்திருக்கலாமே" என்றார். சர்வர் வாடகை இரண்டரை மடங்கு ஆகியிருந்த மாதம் அது. நான் டீ சொன்னேன்.

டெலிவரியைப் பிரிக்கவே இல்லை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம், எந்தச் சாலை மூடல் என்பதை அண்ணனே திருத்தும் ஓர் அட்டவணையாக மாற்றியதும், நிரலைத் தொட வேண்டிய தேவை போய்விட்டது. இப்போது சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினால், வண்டிக்காரர் போன் செய்வார், அண்ணன் ஒரு பெட்டியில் குறி போடுவார்.

ஆக எட்டுக் கட்டத்தில் மிஞ்சியது மூன்று போர்ஷன்: அறிவிப்பு, இருப்பு, தேடலோடு சேர்ந்த விலை. மற்றதெல்லாம் பெரிய வீட்டிலேயே. வெள்ளி, சனியில் எதையும் தொடக்கூடாது என்ற விதி ஆர்டருக்கும் பணத்துக்கும் மட்டும் என்று சுருங்கியிருக்கிறது. போன சனி மாலை விலைப் பக்கத்தில் ஒரு திருத்தத்தை ஏற்றிவிட்டுச் சாதாரணமாக வீட்டுக்குப் போனேன்.

மாதக் கணக்கு அறிக்கை மட்டும் இன்னும் இருப்பு அட்டவணையைப் பழைய குழாய் வழியாகவே படிக்கிறது; அதற்கென்று படிக்க மட்டும் உரிமை கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். அந்த வேலையை அடுத்த ஏப்ரல் 15க்கு எழுதி வைத்திருக்கிறேன்.